மேய்ச்சல் நிலமும் விளைநிலமும்: நைஜீரியாவின் நடுப்பகுதியில் உழவர்–மேய்ப்பர் பூசல்

நைஜீரிய நாட்டுத் திருச்சபைகளுக்காக மன்றாடும்படி வேண்டும் மடல்களும் துண்டுப் பிரசுரங்களும் கடந்த சில ஆண்டுகளாக நம் சபைகளுக்கு மிகுதியாக வருகின்றன. ஞாயிறு ஆராதனையில் அவற்றை வாசித்து, மக்களைச் சிறிது நேரம் அமைதியான மன்றாட்டுக்கு அழைத்து, பின் அடுத்த கீர்த்தனைக்குச் செல்வது நம் வழக்கமாகிவிட்டது. நானும் அவ்வாறு செய்தவனே. ஒருமுறை ஆராதனை முடிந்தபின் சபையின் மூத்த உறுப்பினர் ஒருவர் என்னிடம் வந்தார். வானம் பார்த்த பூமியில் வாழ்நாள் முழுதும் கடலை பயிரிட்டவர் அவர். "ஐயா, அந்த ஊரிலே மாடு மேய்க்கிறவர்கள் எதற்காகக் கிறிஸ்தவர்களைக் கொல்லவேண்டும்? வெள்ளாமையில் மாடு இறங்கிவிட்டதா?" என்று கேட்டார். பிரசுரத்தில் அதற்கு விடை இல்லை, என்னிடமும் இல்லை. இதைப்பற்றிப் பின்னர் நான் படிக்கத் தொடங்கியபோது, அம்முதியவரின் வினா நாம் செய்த மன்றாட்டைவிட உண்மைக்கு நெருக்கமாய் இருந்ததைக் கண்டேன். ஆயினும் முழு உண்மையும் அதில் அடங்கிவிடவில்லை. போதகர்களும் இறையியல் மாணவர்களும் இப்பூசலை அதன் வேர்களோடு அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நைஜீரியாவின் வடக்கு, சகாரா பாலைநிலத்தின் ஓரமாய் அமைந்த வறண்ட சமவெளி. தெற்கு, மழைக்காட்டுப் பகுதி. இவ்விரண்டிற்கும் இடையே நைஜர், பெனுவே என்னும் இரு பேராறுகள் பாயும் புல்வெளி நாடு ஒன்று உண்டு. இதனை நடுப்பகுதி என்பர். பெனுவே, பிளாட்டோ, நசராவா, தராபா, அடமாவா ஆகிய மாநிலங்களும் கடூனாவின் தென்பகுதியும் இதில் அடங்கும். திவ், பெரோம் முதலிய பல இனத்தார் இங்கே பயிர் செய்து வாழ்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். யாம் என்னும் கிழங்கு, மரவள்ளி, நெல், சோளம், சோயா, ஆரஞ்சு ஆகியவை இம்மண்ணின் விளைபொருள்கள். பெனுவே மாநிலம் தன்னை நாட்டின் உணவுக்கூடை என்றே அழைத்துக்கொள்கிறது. மேய்ப்பரோ பெரும்பாலும் ஃபுலானி இனத்தார்; இஸ்லாமியர். மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் பரவி வாழும் இவர்களிடமே நைஜீரியாவின் கால்நடைச் செல்வத்தில் பெரும்பகுதி இருக்கிறது.

பழைய ஒழுங்கு

முற்காலத்தில் இவ்விரு சாராரும் ஒருவருக்கொருவர் பகைவராயிருந்தனர் என்று எண்ணலாகாது. மழைக்காலத்தில் மேய்ப்பர் தம் மந்தைகளை வடக்கே வைத்திருப்பர். கார்த்திகை வாக்கில் வடக்கே புல் காயத் தொடங்கும்போது தெற்கு நோக்கி வருவர். அப்பொழுது தானிய அறுவடை முடிந்திருக்கும். தாளும் தட்டையும் நிற்கும் வயல்களில் மாடுகள் மேயும். இரவில் அங்கேயே அடைக்கப்படும். சாணமும் கோமியமும் நிலத்திற்கு உரமாகும். இதற்காக உழவர் மேய்ப்பருக்குத் தானியமோ பணமோ கொடுப்பதும் உண்டு. அறுவடை முடிந்த தஞ்சை வயல்களில் இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஃபுலானிப் பெண்கள் நோனோ என்னும் புளித்த பாலைச் சுரைக்குடுக்கைகளில் சுமந்து சந்தைக்குக் கொண்டுசென்று தானியம் வாங்கி வருவர். கம்பு மாவை உருட்டிச் செய்த ஃபுராவை அந்தப் பாலில் கரைத்துக் குடிப்பது வடநாட்டில் எளியோரின் நண்பகல் உணவு. உழவனின் கம்பும் மேய்ப்பனின் பாலும் ஒரே கலத்தில் கலந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மந்தைகள் செல்வதற்கென்று எல்லை குறிக்கப்பட்ட வழிகள் இருந்தன. அவற்றை ஹௌசா மொழியில் புர்தாலி என்பர். மாடு பயிரை அழித்தால் ஊர்த்தலைவரும், அர்தோ எனப்படும் ஃபுலானித் தலைவரும் வயலுக்குச் சென்று சேதத்தை மதிப்பிட்டு ஈடு வாங்கிக் கொடுப்பர். சண்டைகள் இல்லாமல் இல்லை. ஆனால் சண்டையை அன்றே முடித்துவைக்கும் ஆள் ஊரிலேயே இருந்தார்.

மற்றொரு காவலும் இருந்தது. செட்சி என்னும் ஈ, மாடுகளுக்குக் கொடிய நோயைப் பரப்புவது. ஈரமும் புதரும் மிகுந்த தெற்கு நிலத்தில் அது பெருகும். ஆதலால் மந்தைகள் அங்கே நீண்டநாள் தங்க இயலாது. மழை தொடங்குமுன் வடக்கே திரும்பியே ஆகவேண்டும். மனிதர் வகுத்த ஒப்பந்தங்களைவிட இச்சிறு பூச்சி மேய்ப்பரின் காலக்கணக்கை உறுதியாய்க் காத்தது எனலாம்.

ஒழுங்கு குலைந்தது எவ்வாறு?

இங்கேதான் நம் கவனம் மிகுதியாகத் தேவை. ஏனெனில் இவ்வொழுங்கைக் குலைத்தவை பெரும்பாலும் தீமைகள் அல்ல. முன்னேற்றம் என்று எவரும் பாராட்டக்கூடிய காரியங்களே அவை.

முதலாவது, செட்சி ஈயை ஒழிக்க அரசு முயன்றது. நோய்க்கு மருந்தும் வந்தது. பயிர் செய்வதற்காகப் புதர்கள் வெட்டப்பட்டமையால் ஈயின் இருப்பிடமும் சுருங்கிற்று. விளைவாக மந்தைகள் தெற்கே ஆண்டு முழுவதும் தங்கக் கூடியவையாயின. பயிர் நிற்கும் காலத்திலும் மாடு அருகிலேயே நின்றது.

இரண்டாவது, மக்கள்தொகை. 1960இல் விடுதலை பெற்றபோது சுமார் நான்கரைக் கோடியாயிருந்த நைஜீரிய மக்கள் இன்று 20 கோடியைத் தாண்டிவிட்டனர். தரிசாய்க் கிடந்த நிலமெல்லாம் ஏருக்கு வந்தது. மந்தை வழிகளும் உழப்பட்டன. வழியை உழுதவனைக் கேட்டால் தன் பாட்டன் நிலம் என்பான். அந்த வழியில் வந்த மேய்ப்பனைக் கேட்டால் தன் பாட்டன் நடந்த வழி என்பான். இருவரும் பொய் சொல்வதில்லை.

மூன்றாவது, பயிர்முறை மாறியது. தானியம் அறுவடையான பின்னும் மரவள்ளி வயலில் நிற்கும். அது விளைய ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். மாடு வரும் வறட்சிக் காலத்தில் ஊரில் பச்சையாய் நிற்பது அது ஒன்றே. மேலும், எண்ணெய் வளத்தால் நாடு செழித்த 1970களில் அரசு மானிய விலையில் இரசாயன உரம் வழங்கியது. உரம் மலிவாய்க் கிடைத்தபோது, மாட்டை வயலில் அடைக்கும்படி மேய்ப்பனை அழைக்க வேண்டிய தேவை உழவனுக்குக் குறைந்தது. தட்டையையும் அவன் விற்கத் தொடங்கினான், அல்லது தன் மாட்டுக்கே சேர்த்து வைத்தான். விருந்தாளியாய் வந்தவன் வேண்டாதவனானான்.

நான்காவதாகக் கூறவேண்டியது ஃபதாமா என்னும் ஆற்றங்கரைத் தாழ்நிலங்களைப்பற்றி. வறட்சிக் காலத்திலும் ஈரம் காக்கும் இந்நிலங்களே மேய்ப்பருக்குக் கடைசிப் புகலிடமாயிருந்தன. 1990களில் உலக வங்கியின் கடனுதவியோடு ஃபதாமா வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. ஆழமற்ற குழாய்க் கிணறுகளும் பம்பு செட்டுகளும் உழவருக்குக் கிடைத்தன. வெங்காயமும் தக்காளியும் மிளகாயும் கோடையில் விளைந்தன. உழவர் வருவாய் உயர்ந்தது. கணக்கேட்டைப் பார்த்தால் வெற்றியே. ஆனால் அந்தத் தோட்டங்கள் எந்த நிலத்தில் எழுந்தன? மாடு தண்ணீர் குடிக்க இறங்கிய துறையில். திட்டம் தீட்டியவர்கள் உழவனைப் பயனாளி என்று எழுதிக்கொண்டனர். மேய்ப்பனை எங்கும் எழுதவில்லை. அடுத்த கட்டத் திட்டத்தில்தான் மேய்ப்பரும் சேர்க்கப்பட்டு, பூசல் தீர்க்கும் ஏற்பாடுகளும் செய்யப்பட்டன. நம் சபைகளும் மறைமாவட்டங்களும் கிராம வளர்ச்சிப் பணிகளை நடத்துகின்றன. பயனாளிகள் பட்டியலை எழுதும்போது அதில் இடம்பெறாதவன் யார் என்று நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

சட்டமும் துணை நிற்கவில்லை. 1965இல் வடக்கு வட்டார அரசு மேய்ச்சல் ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றியது. 415 ஒதுக்கீடுகள் திட்டமிடப்பட்டன. அவற்றுள் முறையாகப் பதிவானவை 114 மட்டுமே. ஏனையவை காலப்போக்கில் வயலாகவும் ஊராகவும் மாறின. 1978ஆம் ஆண்டின் நிலப் பயன்பாட்டுச் சட்டம் நிலத்தை மாநில ஆளுநரின் பொறுப்பில் வைத்தது. உள்ளாட்சி மன்றம் வேளாண்மைக்கு 500 ஹெக்டேர் வரையிலும், மேய்ச்சலுக்கு 5,000 ஹெக்டேர் வரையிலும் வழக்காற்று உரிமை வழங்கலாம் என்று அது கூறுகிறது. ஏட்டளவில் மேய்ப்பனுக்குப் பத்து மடங்கு. நடைமுறையிலோ அந்த ஊரின் பூர்வகுடி என்று ஏற்கப்படாதவனுக்கு நிலம் கிடைப்பது அரிது. ஃபுலானியர் ஓர் ஊரில் மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் அயலாரே. ஜங்காலி எனப்பட்ட மாட்டு வரி 1970களில் நீக்கப்பட்டதையும் இங்கே குறிப்பிடலாம். வரி நின்றது மேய்ப்பனுக்கு மகிழ்ச்சியே. ஆனால் வரி வாங்கிய காலத்தில் மந்தை வழியைக் காக்க ஊர் நிர்வாகத்திற்கு ஒரு காரணம் இருந்தது. வரி நின்றபின் அந்தக் காரணமும் நின்றது.

இவற்றோடு வடக்கின் வறட்சியும், 2009 முதல் போக்கோ ஹராம் இயக்கத்தின் வன்முறையும், மாட்டுக் கொள்ளையரின் தொல்லையும் மந்தைகளைத் தெற்கே தள்ளின. 2011இல் லிபிய அரசு வீழ்ந்தபின் துப்பாக்கிகள் அப்பகுதியெங்கும் மலிந்தன. கோலோடு சென்ற சிறுவனின் இடத்தில் துப்பாக்கியோடு சென்ற இளைஞனைக் கண்டபோது ஊராரும் காவற்படை அமைத்தனர். ஊர்த்தலைவரும் அர்தோவும் அமர்ந்து பேசிய மரநிழல் வெறுமையாயிற்று.

வேளாண்மை அடைந்த கேடு

2018ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் மட்டும் இப்பூசலில் 1,300க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர் என்றும், சுமார் மூன்று இலட்சம் பேர் வீடிழந்தனர் என்றும் பன்னாட்டு நெருக்கடி ஆய்வுக்குழு கணக்கிட்டது. 2015இல் மெர்சி கார்ப்ஸ் என்னும் தொண்டு நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, பெனுவே, பிளாட்டோ, நசராவா, கடூனா ஆகிய நான்கு மாநிலங்களில் அமைதி நிலவினால் நாடு ஆண்டுதோறும் 1,370 கோடி டாலர் வரை பயனடையக்கூடும் என்றது. இத்தகைய பெருந்தொகைகள் நம் மனதில் பதிவதில்லை. ஆதலால் ஒரு கிழங்கைப்பற்றிக் கூறுகிறேன்.

யாம் கிழங்கிற்குத் தனி விதை இல்லை, கிழங்கே விதை. அறுவடையில் ஒரு பகுதியை உண்ணாமலும் விற்காமலும் காத்து, அடுத்த பருவத்தில் மேடு கட்டி நடவேண்டும். ஓடிப்போன குடும்பம் விதைக்கிழங்கைச் சுமந்துசெல்ல இயலாது. சுமந்து சென்றாலும் முகாமில் பசிக்கு அதையே வேகவைக்கும். எனவே ஒரு பருவத்தில் விரட்டப்பட்டவன் அடுத்த பருவத்தையும் இழந்தவனாகிறான். திரும்பி வரும்போது விதைக்கிழங்கை விலை கொடுத்து வாங்கவேண்டும்; வாங்கப் பணமில்லை. ஊரைவிட்டு ஓடாதவனும் தொலைவிலுள்ள வயலைக் கைவிட்டு வீட்டருகே உள்ள துண்டு நிலத்தையே திரும்பத் திரும்பப் பயிரிடுகிறான், மண் களைத்துப்போகிறது. ஆண்டுகள் கழித்துப் பலன்தரும் மரங்களை நடுவதற்குத் துணிவு வருவதில்லை. கடன் கொடுப்பவர் தயங்குகிறார். விரிவாக்க அலுவலர் அவ்வூருக்குச் செல்வதில்லை. வளர்ச்சி என்பது நாளை இங்கிருப்போம் என்னும் நம்பிக்கையின்மேல் கட்டப்படுவது. இங்கே முதலில் எரிந்தது அந்த நம்பிக்கையே.

மேய்ப்பனுக்கும் இழப்பு உண்டு; நம் பிரசுரங்கள் இதைப் பெரும்பாலும் கூறுவதில்லை. மந்தையே அவனுடைய வங்கி. அது கொள்ளைபோனால் ஒரே இரவில் அவன் கூலியாளாகிறான். அவனுடைய பெண்கள் பால் விற்ற சந்தைகளுக்குப் போக அஞ்சுகின்றனர். 2017 ஜூனில் தராபாவின் மாம்பில்லா பீடபூமியில் ஃபுலானியர் பலர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு நவம்பரில் அடமாவாவின் நுமான் பகுதியில், ஆடவர் மேய்ச்சலுக்குச் சென்றிருந்த வேளையில், குடியிருப்பிலிருந்த பெண்களும் குழந்தைகளும் வெட்டப்பட்டனர். இதைச் செய்தவர்களின் ஊரிலும் ஆலயமணி ஒலித்திருக்கக்கூடும் என்பதை நாம் மறக்கலாகாது.

இது சமயப் போரா?

பெனுவே அரசு 2017 மே மாதம் திறந்தவெளி மேய்ச்சலைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றி, நவம்பர் முதல் நாளிலிருந்து நடைமுறைப்படுத்தியது. மாடு வைத்திருப்போர் பண்ணை அமைத்து வளர்க்கவேண்டும் என்பது விதி. மாட்டை மறித்துப் பட்டியில் அடைக்கக் காவலர் நியமிக்கப்பட்டனர். பண்ணைக்கு நிலம் எங்கே என்னும் கேள்விக்கு மேய்ப்பர் ஏற்கத்தக்க விடை கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, 2018 புத்தாண்டு நாளில் குமா, லோகோ வட்டாரங்களில் ஊர்கள் தாக்கப்பட்டன. ஜனவரி 11 அன்று மக்குர்தி நகரில் 73 உடல்கள் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டன. ஏப்ரல் 24 அன்று ம்பாலோம் என்னும் ஊரில் காலைத் திருப்பலியின்போது இரண்டு கத்தோலிக்கக் குருமாரும் வழிபட வந்தவர்கள் பதினெழுவரும் கொல்லப்பட்டனர். வழிபாட்டு வேளையில் ஆலயத்தில் நிகழ்ந்த கொலையைப் புல்லுக்காக நடந்த சண்டை என்று மட்டும் கூறிவிட எனக்கு மனம் வரவில்லை.

வரலாற்று நினைவும் உண்டு. 1804இல் உஸ்மான் தன் ஃபோடியோ என்னும் ஃபுலானி அறிஞர் தொடங்கிய புனிதப் போரின் பயனாக வடக்கே சொக்கோட்டோ கலீபகம் எழுந்தது. அதன் படைகள் அடிமைகளைப் பிடிக்க நடுப்பகுதி மக்கள்மேல் பாய்ந்தன. பாட்டி சொன்ன அந்தக் கதை பேரனின் காதில் இருக்கும்போது, வயலில் இறங்கிய மாடு வெறும் மாடாகத் தோன்றுவதில்லை. எனவே சமயம் இதில் இல்லை என்பாரும், சமயம் மட்டுமே என்பாரும் ஆளுக்கொரு பாதியைக் கூறுகின்றனர். நிலத்தில் பிறந்த வழக்கு சமயத்தின் மொழியைக் கற்றுக்கொண்டது. அம்மொழியில் பேசத் தொடங்கியபின் நிலத்தை அளந்து கொடுத்தாலும் எளிதில் தீராததாயிற்று. என் முடிவு இதுவே, மாறுபடுவோர் இருக்கலாம்.

2018 ஜூன் 23 அன்று பிளாட்டோவின் பார்க்கின் லாதி வட்டாரத்துப் பெரோம் ஊர்கள் தாக்கப்பட்டபோது, ங்கார் என்னும் சிற்றூரின் இமாம் அப்துல்லாஹி அபூபக்கர் 262 கிறிஸ்தவர்களைத் தம் வீட்டிலும் பள்ளிவாசலிலும் மறைத்து வைத்து, தாக்க வந்தவர்கள் முன் நின்று கெஞ்சிக் காப்பாற்றினார். காரணம் கேட்டபோது அவர் கூறியதில் ஒரு செய்தி உண்டு: நாற்பதாண்டுகளுக்கு முன் அப்பள்ளிவாசல் கட்ட நிலத்தை இலவசமாய்க் கொடுத்தவர்கள் அவ்வூர்க் கிறிஸ்தவர்கள். கடூனாவில் போதகர் ஜேம்ஸ் வூயேயும் இமாம் முகம்மது அஷாஃபாவும் 1995 முதல் இணைந்து ஒப்புரவுப் பணி செய்கின்றனர். 1992ஆம் ஆண்டுக் கலவரத்தில் போதகர் தம் வலக்கரத்தை இழந்தார். இமாம் தம் ஆசிரியரையும் உறவினரையும் இழந்தார். ஒருவரையொருவர் பழிவாங்க எண்ணியிருந்தவர்கள் இவர்கள்.

திருமறையை இவ்வழக்கில் எடுத்தாளும்போது நமக்கு எச்சரிக்கை வேண்டும். காயீன் உழவன், ஆபேல் மேய்ப்பன் என்பதைக் கொண்டு கட்டப்படும் பிரசங்கங்கள் எனக்கு உவப்பானவை அல்ல. நிலத்தைக் குறித்து அவர்கள் சண்டையிட்டதாக வேதம் கூறவில்லை. ஆபிராம்–லோத்து நிகழ்ச்சி (ஆதி. 13) பொருத்தமானதுபோல் தோன்றும். ஆனால் வலப்புறமோ இடப்புறமோ பிரிந்துபோக அங்கே இடம் இருந்தது. பெனுவேயில் அப்படி இடமில்லை. அவ்வதிகாரத்திலும் கானானியர் ஏற்கெனவே அத்தேசத்தில் குடியிருந்தனர் என்று ஒரு வரி வருவதை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். என்னை மிகவும் சிந்திக்கச் செய்தது யாத்திராகமம் 22:5. தன் மிருகத்தைப் பிறன் வயலில் மேயவிட்டவன் தன் சொந்த வயலின் சிறந்த பலனிலிருந்து ஈடு செய்யவேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. ஆக, மாட்டுக்காரனுக்கும் ஒரு வயல் உண்டு என்று அச்சட்டம் எடுத்துக்கொள்கிறது. அவனும் விதைத்தவன்; மிதிபட்ட பயிரின் வலி அறிந்தவன். இருவரும் ஒரே நடுவர்முன் நிற்பவர்கள். நைஜீரிய மேய்ப்பனுக்கு வயலும் இல்லை, இருவரும் நம்பும் நடுவரும் இல்லை.

2019இல் நைஜீரிய அரசு பத்தாண்டுக்கால தேசியக் கால்நடை மாற்றத் திட்டத்தைத் தொடங்கியது. தீவனப் பயிரும் நிலையான பண்ணைகளுமே அதன் நோக்கம். மாநிலங்களின் ஐயமும் பணத் தட்டுப்பாடும் அதன் நடையைத் தளர்த்தின. 2024 ஜூலையில் கால்நடை வளர்ச்சிக்கெனத் தனி அமைச்சகம் அமைக்கப்பட்டது. ஆயினும் 2025 ஜூன் 13 இரவு பெனுவேயின் எல்வாத்தா ஊரில் நூறு பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்டனர். வேறு ஊர்களிலிருந்து விரட்டப்பட்டு அவ்வூர்ச் சந்தைக் கட்டடங்களில் தங்கியிருந்த குடும்பங்கள் அவர்களுள் பல.

இவற்றையெல்லாம் ஒருநாள் அந்த முதியவரிடம் விவரித்தேன். பொறுமையாய்க் கேட்டார். "அந்த ஊரில் பவுண்டு இல்லையா, ஐயா?" என்றார். இருந்தது என்றும், மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைத்ததே புதிய சண்டைகளுக்குக் காரணமாயிற்று என்றும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தவர், செத்தவர்கள் நட்டுவைத்த கிழங்கை இப்போது யார் தோண்டுவார்கள் என்று கேட்டார்.